நாற்பத்தெட்டு கொடிகள்

மார்ச் 3
புல்வெளி முகாம், முதல் நாள். இந்த வருடம் கூடுதலாக ஒரு தொல்லை. அறிவியலை மக்களுக்கு எடுத்துச் சொல்ல மாணவர்களைப் பழக்குகிறேன் என்று ஒருவர் வந்திருக்கிறார். சட்டையில் குத்திய மைக்கைச் சாப்பிடும்போதுகூடக் கழற்றுவதில்லை. மைக் என்றே பெயர் வைத்துவிட்டேன்.

மார்ச் 4
புல் எண்ணும் பன்னிரண்டு சதுரங்களின் பழைய கொடிக்குழிகளைத் தேடி, மூலைக்கு ஒரு பிளாஸ்டிக் கொடி நட்டோம். ஆடு மேயும் நிலத்தில் புல்வகை குறைகிறதா என்று ஏழு வருடமாக எண்ணுகிறேன். குறையவில்லை, கட்டுரையும் வந்துவிட்டது.
மைக் வகுப்பெடுத்தார்: "ஆடு மேய்க்கிறவங்ககிட்ட உங்க ஆராய்ச்சியைச் சொல்லணுமா? முதல்ல அவங்களை ஒரு கேள்வி கேளுங்க." இதற்குச் சம்பளம் வேறு!

மார்ச் 5
நாற்பத்தெட்டு கொடியும் காணோம். குழிகளும் மிதிபட்டுப்போயின. மூலை தெரியாவிட்டால் ஏழு வருடமும் குப்பை. இங்கே தினமும் ஆடு ஓட்டிவரும் அந்த ஆட்டுக்காரம்மாதான். வேணும்னே பண்ணியிருக்கா.

மார்ச் 6
எல்லோருமாக அவரைத் தேடிப் போனோம். பல்லுயிர்ப் பெருக்கம், மேய்ச்சல் அழுத்தம், நீண்டகாலத் தரவு - பத்து நிமிடம் பேசினேன். அந்தம்மா ஆட்டின் காதில் உண்ணி பிடுங்கிக்கொண்டிருந்தார்.
"முடிஞ்சுதா டீச்சரம்மா?"
மைக் வானத்தைப் பார்த்தார். முணுமுணுப்பு - வருகைப் பதிவில்கூடக் குரல் கேட்காததால் நான் அப்படிப் பெயர் வைத்த மாணவி - "அக்கா, கொடியை ஏன் பிடுங்குனீங்க?" என்றாள்.
"போன வருஷம் அதைத் தின்னுட்டு என் சினை ஆடு செத்துச்சும்மா. ஏழு வருஷமா வந்து நடுறாங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை பேசுனதுண்டா?"
இல்லை.
"மூலை தெரியலன்னா நான் காட்டுறேன். வருஷம் பூரா அந்தக் கட்டத்துக்குள்ள விடாம சுத்தித்தானே ஆட்டை ஓட்டுறேன்."
முதலில் எனக்கு உறைக்கவில்லை. முணுமுணுப்பு என்னைப் பார்த்தாள். அவளுக்கு உறைத்துவிட்டது.

மார்ச் 7
மேயாத புல்லை எண்ணிவிட்டு, மேய்ச்சலால் கேடில்லை என்று எழுதியிருக்கேன். ஏழு வருஷம்! ஒரு தடவை கேட்டிருந்தா என்ன?

மார்ச் 10
கொடிக்குப் பதில் மூலைகளில் கல் புதைத்தோம். இனி ஆடுகள் உள்ளே மேயும். கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை எழுதி முணுமுணுப்பிடம் நீட்டினேன்.
"இதைப் படிச்சா தப்பு எங்க நடந்துச்சுன்னு புரியல மேடம்."
மைக் இன்னும் மைக்கோடுதான் சாப்பிடுகிறார். அதைச் சகிக்க முடியவில்லை. கடிதத்தை மறுபடி எழுதினேன். முதல் வரி: 'ஆடு மேய்ப்பவரிடம் நான் கேட்கவில்லை.'