கொழுந்துப் பைக்குள் நான் வைத்த குளவி

2025 பெப்ரவரி 3, திங்கள்

இன்று உயிரியலில் மூளை. ஷிபான் சார் பலகையில் வரைந்தது பார்க்க இலை சுருண்ட கோவா மாதிரி இருந்தது. "சார், இது கறிக்கா, சலாதுக்கா?" என்றேன். வகுப்பே சிரித்தது.

"விதுஷா, இப்ப ஒன் தலைக்குள்ள டோபமின் ஊறுது. அதான் அடுத்த பகிடியத் தேடுற" என்றார். உண்மை. தேடிக்கொண்டுதான் இருந்தேன்.

பிறகு மறுபக்கம். ஆபத்து ஒருமுறை பட்டுவிட்டால் மூளை அந்த இடத்தையும் சத்தத்தையும் சேர்த்துக் கட்டி வைத்துக்கொள்ளுமாம். அடுத்த முறை நாம் யோசிக்கும் முன்னே கால் நின்றுவிடுமாம்.

அதற்குப் பிறகு எனக்குப் பகிடி வரவில்லை. அது அம்மாவின் கால்.

ஒன்பதாம் நம்பர் தேயிலை மலையில் கொழுந்து பறிக்கும்போது அம்மாவைக் குளவி கொட்டி மூன்று வாரம். பதுளை ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாள். வீக்கம் வற்றிவிட்டது. ஆனாலும் தினமும் காலையில் பேர் பதிகிற பெரட்டுக்குப் போகிறாள், மற்றவர்களோடு நடக்கிறாள், மலை தொடங்கும் பாதை வளைவில், அந்த முடக்கில் நின்று திரும்பிவிடுகிறாள்.

பெப்ரவரி 5

அழகர் கங்காணி வாசலுக்கே வந்துவிட்டார். "ஜீவராணி, தொரைகிட்ட நான் எத்தன நாளைக்கு மறைக்கிறது? மாசக் கடைசிக்குள்ள ஏறிடு. இல்லன்னா பேர வெட்டிருவாங்க."

அம்மா "சரிங்க" என்றாள். தோட்டம் தந்த இந்த லயக் காம்பராவில் நாங்கள் இருப்பதே அம்மாவின் பேரில்தான். பேர் போனால் ஊர் பேர் இல்லாதவர்கள்.

பெப்ரவரி 7

சார் சொன்னார்: பயந்தது திரும்பத் திரும்ப வந்தும் ஒன்றும் ஆகாவிட்டால், பயம் மெல்ல மெல்ல அடங்கும்.

'மெல்ல மெல்ல'வை நான் குறித்துக்கொள்ளவில்லை. எனக்கு ஒரு ஐடியா!

பெப்ரவரி 8, சனி

செஞ்சிட்டேன். ஏன் செஞ்சேன்?

பழைய போனில் குளவிச் சத்தத்தைப் போட்டு அம்மாவின் கொழுந்துப் பைக்குள் வைத்தேன். வைத்தியம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வைத்தியத்துக்கு எதுக்கு என் போனில் வீடியோ?

அம்மா பையை எடுத்தாள். அப்படி ஒரு அலறலை நான் கேட்டதே இல்லை. பையை வீசிவிட்டு ஓடி முற்றத்தில் விழுந்தாள். நான் சிரித்தேன். ஆமா, சிரிச்சேன்.

எடுத்த வீடியோவை மூன்று தடவை பார்த்தேன். வகுப்புக் குழுவில் போட்டால் நாற்பது சிரிப்பாவது விழும். விரல் அங்கேயே நின்றது. நாலாவது தடவைதான் கண்ணில் பட்டது – அம்மாவின் பாவாடை நனைந்திருந்தது.

அழிச்சிட்டேன்.

பெப்ரவரி 10

முன்பு முடக்குவரையாவது போனாள். இன்று பையைத் தொடவே இல்லை, பெரட்டுக்கும் போகவில்லை. மலையில் கிடந்த பயத்தை நான் காம்பராவுக்குள் கொண்டுவந்து விட்டுவிட்டேன்.

பெப்ரவரி 11

பக்கத்து மேசை ஷம்ராவிடம் சொன்னேன். "நீ டொக்டரா மட்டும் ஆகிறாதடி, பசறை ஊரே காலியாகிரும்." பிறகு என்னை இழுத்துக்கொண்டு போய் சார் முன்னால் நிறுத்தினாள்.

சார் சிரிக்கவில்லை. "பயத்த தூரத்துல வையி. பக்கத்துல அவங்களுக்குப் புடிச்சது எதையாச்சும் வையி. முக்கியமா, கடிவாளம் அவங்க கையில இருக்கணும். போதும்னா அந்த நிமிசமே நிப்பாட்டு. மொதல்ல உண்மையச் சொல்லு."

பெப்ரவரி 12

"அம்மா, பைக்குள்ள சத்தம் வச்சது நான்தாம்மா."

"தெரியும்டி. நீ சிரிச்சது கேட்டுச்சு."

அவ்வளவுதான். ரெண்டு அறை விட்டிருக்கலாம்.

பெப்ரவரி 16

பை முற்றத்து மூலையில். நாங்கள் வாசலில், தேத்தண்ணியோடு. கங்காணி தும்முகிற மாதிரி தும்மிக் காட்டினேன். அம்மாவுக்குச் சிரிப்பு. "அத இன்னும் கொஞ்சம் கிட்ட வையி" என்றாள் – அவளாக! வைத்தேன். "போதும்." உடனே எடுத்துவிட்டேன்.

பெப்ரவரி 21

பைக்குள் கையை விட்டாள். வியர்த்தது. எனக்கும்.

பெப்ரவரி 24

பையோடு முடக்குவரை போனாள். நின்றாள். திரும்பினாள். இன்னும் நாலு நாள். என்னிடம் பகிடி தீர்ந்துபோச்சு, பயம்தான் தீரல.

பெப்ரவரி 26

"முடக்கத் தாண்டிப் பத்து எட்டு வச்சேன்." எண்ணினேன் என்று விரலைக் காட்டினாள்.

பெப்ரவரி 28, வெள்ளி

காலையில் நானும் கூடப் போனேன். முடக்கில் அம்மா என் கையை விட்டாள். "பஸ் போயிரும். நீ எறங்கு." அம்மாவோடு கொழுந்தெடுக்கும் பெரியாயி அக்கா, குளவி வருகிற காட்டோரத் தேயிலை நிரையைத் தான் எடுத்துக்கொண்டு, நடு நிரையை அம்மாவுக்கு விட்டாள். திரும்பிப் பார்க்காமல் ஓடினேன்.

வகுப்பில் ஜன்னலோரம் ஒரு தேனீ. பேனையைக் கீழே போட்டுவிட்டேன். சார் என்ன நடத்தினார் என்று தெரியாது.

நாலு மணிக்கு அம்மா பீலித் தண்ணியில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். அவளே சொன்னாள்.

"பாதி நிர எடுத்தேன். அப்புறம் ஏதோ ஒண்ணு காதுகிட்ட பறந்துச்சு. எறங்கிட்டேன்."

"கங்காணி?"

"அரப்பேரு போட்டாரு, அர நாள் சம்பளம்."

"அப்ப வெட்டலயா?"

"மலைக்கு ஏறுனவ பேர எப்படிடி வெட்டுவாங்க?" செருப்பை உதறி மாட்டிக்கொண்டாள். "மிச்சப் பாதி அப்படியே நிக்கிது. நாளைக்கு நான் போற வரைக்கும் எவளும் அதுல கை வைக்க மாட்டா."