ஆண்டு இல்லாத தேதிகள்

12 பிப்ரவரி 2567, திங்கள்

காலையில் பால் சங்கத்துக்கு லம்துவன் அத்தை பால் கேன்களோடு ஒரு சண்டையையும் கொண்டுவந்து இறக்கினார். அவருடைய பசு காவ்போத் மார்ச் நடுவில் கன்று போட வேண்டியவள். அதற்கு இரண்டு மாதம் முன்பே கறப்பதை நிறுத்தி, பாலை வற்றவைத்து, மாட்டுக்கு ஓய்வு கொடுத்திருக்க வேண்டும். எந்த மாட்டை எப்போது வற்றவைப்பது, எது எப்போது கன்று போடும் என்ற பட்டியலைத் திங்கள்தோறும் அச்சடித்துத் தருவது என் புரோகிராம். ஜனவரி முழுக்க அதில் காவ்போத் இல்லை. அத்தையும் கறந்துகொண்டே இருந்துவிட்டார்.

"உன் பட்டியலை நம்பித்தானே காலண்டர்ல குறிக்கிறத விட்டேன்? இனிமே அதைப் பொரிச்ச வாழைப்பழம் விக்கிறவன்கிட்டக் குடு. மடிச்சுக் குடுக்க ஆகும்."

சொன்னது பொய்யில்லை. பதினான்கு மாடு வைத்திருப்பவர். போன வருடம் அவர் வீட்டுக்கே போய், குறிக்கிற வேலையை விடுங்கள், கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்று பெருமை அடித்தது நான்தான்.

இன்றே நிறுத்துங்கள் என்றார் மாட்டு டாக்டர். எட்டு வாரம் கிடைக்க வேண்டிய ஓய்வு நான்கு வாரமாகிவிட்டது. கன்று போடும்போது மாடு தளர்ந்துபோகலாம், சீம்பாலும் போதாமல் போகலாம்.

சங்க மேலாளர் அனுச்சா கத்தவில்லை. மாதக் கடைசிக்குள் காரணத்தைக் கண்டுபிடி என்றார். இல்லாவிட்டால் முன்பு மாட்டுக் கணக்கைக் கையால் எழுதிவைத்த பழைய வெள்ளைப் பலகை சுவருக்குத் திரும்பும், நான் பால் நிறுக்கும் மேசைக்குத் திரும்புவேன். பதினோரு வருடம் உட்கார்ந்த மேசை அது. நாற்பத்தோரு வயதில் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு வீடியோ பார்த்துப் பார்த்து நிரல் எழுதக் கற்றது மறுபடி அங்கே போய் உட்காரவா?

13 பிப்ரவரி, செவ்வாய்

காது எண்ணைப் போட்டுத் தேடினேன். காவ்போத் இருக்கிறாள்! சினை ஊசி போட்ட நாள்: 06 ஜூன். பதிவு முழுசாக இருக்கிறது. பட்டியலில் மட்டும் வரவில்லை.

இருக்கிற மாடு எப்படி வராமல் போகும்? யோசிக்க யோசிக்க ஒன்றுதான் தோன்றுகிறது. ஜனவரியில் அந்தப் பதிவே இருந்திருக்காது. நேற்றுச் சண்டை நடந்த பிறகு யாரோ உட்கார்ந்து ஏற்றியிருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ. அத்தை வீட்டுப் பக்கம் சினை ஊசி போடுவது தேங் அண்ணன். சுற்றிவிட்டுப் பின்வாசல் வழியாக வந்து, பின்னறைக் கம்ப்யூட்டரில் தன் சீட்டுகளைப் பதிவதும் அவர்தான். மற்ற ஊசிக்காரர்களின் சீட்டுகளை முன்னறையில் பதிவது நான்.

14 பிப்ரவரி, புதன்

சொல்லிவிட்டேன். மேலாளர் முன்னால், பால் ஊற்ற வந்த ஏழெட்டுப் பேர் முன்னால். "அண்ணே, நீங்க அப்பப் பதியல. திங்கக்கிழமைதான் ஏத்தியிருக்கீங்க."

ஏதாவது கேலி செய்வார் என்று எதிர்பார்த்தேன். எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பவர். "சரி" என்று மட்டும் சொல்லி, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

16 பிப்ரவரி, வெள்ளி

இன்றைய பட்டியலைச் சோதித்தேன். ஜூன் இருபதாம் தேதி ஊசி போட்ட இரண்டு மாடுகள் இதிலும் இல்லை. தேடினால் இருக்கின்றன. இவற்றைப் பற்றி யாரும் சண்டை போடவில்லையே, அப்புறம் எதற்கு அவர் அவசரமாக ஏற்ற வேண்டும்?

அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. கம்ப்யூட்டரை மூடிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

20 பிப்ரவரி, செவ்வாய்

தெரிந்த நோய்களை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இணைப்பைத் திறந்துவிட்டு மூடாமல் விட்டு, அடுத்தவர் திறந்தால் பூட்டியிருக்கிறது என்று வருமே, அது இல்லை. பெயருக்குள் ஒற்றை மேற்கோள்குறி வந்து கட்டளையே உடைந்துபோகுமே, அதுவும் இல்லை. அவை சத்தம் போடும் பிழைகள், ஒரு பெட்டியாவது எட்டிப் பார்க்கும். இது வாயே திறக்காத பிழை.

வெட்கத்தை விட்டு, புதிதாக நிரல் எழுதுகிறவர்களின் குழுவில் திரையைப் படம் எடுத்துப் போட்டுக் கேட்டேன். ஒரே ஒருவன் பதில் போட்டான். "தேதில வருஷத்தைக் காணோமே?"

எரிச்சலாக வந்தது. இடம் அடைக்கிறதே என்று நான்தான் வருடத்தை வெட்டினேன். இது எந்த வருடம் என்று ஊருக்கே தெரியும், சந்தேகம் இருந்தால் அவன் காலண்டரைப் பார்த்துக்கொள்ளட்டும். பதில் போடவில்லை.

24 பிப்ரவரி, சனி

மாக பூஜை, புத்தருக்குரிய பௌர்ணமி. மெழுகுவர்த்தியோடு கோயிலை மூன்று சுற்று சுற்றினோம். தேங் அண்ணன் மனைவியோடு எனக்கு நாலு அடி முன்னால் நடந்தார். மூன்று சுற்றிலும் திரும்பவில்லை. அவர் மனைவி ஒருமுறை திரும்பினார். திரும்பாமலே இருந்திருக்கலாம்.

27 பிப்ரவரி, செவ்வாய்

வெள்ளைப் பலகையைக் கிடங்கிலிருந்து எடுத்து, கழுவி, என் மேசைக்கு எதிரே சாய்த்து வைத்திருக்கிறார்கள்.

29 பிப்ரவரி, வியாழன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும்.

காலையில் ஒரு பண்ணையிலிருந்து கன்று பிறந்த செய்தி வந்தது. முன்னறையில் உட்கார்ந்து இன்றைய தேதியோடு பதிந்தேன். 'தேதி செல்லாது' என்று பெட்டி வந்தது. மறுபடி அடித்தேன். செல்லாது. 28 என்று மாற்றினால் வாங்கிக்கொள்கிறது, 29 என்றால் துப்புகிறது. இது லீப் வருடம்தானே? சுவரில் காலண்டர் தொங்குகிறது, அதில் 29 இருக்கிறது. மேலாளர் பின்னால் நின்று பார்த்துவிட்டுப் பலகைக்கான பேனாவைத் தேடப் போனார்.

அப்போது பின்னறையிலிருந்து தேங் அண்ணன் குரல். பதினைந்து நாளில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. "எங்கிட்ட இன்னைக்கித் தேதி ஏறுதே."

ஓடிப்போய்ப் பார்த்தேன். காலையில் ஊசி போட்ட மூன்று மாடுகள், 29 பிப்ரவரி, ஒழுங்காக ஏறியிருக்கின்றன. அதே புரோகிராம், அதே டேட்டாபேஸ். அந்தக் கம்ப்யூட்டரில் இதுவரை யாரும் பட்டியல் எடுத்ததில்லை, அச்சு இயந்திரம் முன்னறையில் இருப்பதால். ஏன் என்று தெரியாமலே பட்டியல் பொத்தானை அழுத்தினேன்.

பதினேழு மாடுகள் வந்தன. என் பட்டியலில் இருந்த ஒன்றுகூட அதில் இல்லை. என் பட்டியலில் வராத அத்தனையும் இருந்தன. நடுவில் காவ்போத், கன்று போடும் நாள் 12 மார்ச்.

"அண்ணே, இதுல திரை மூலைல மணிக்குப் பக்கத்துல வருஷம் என்ன போட்டிருக்கு?"

"ரெண்டாயிரத்து இருபத்துநாலு. போன ஜூன்ல புதுசா வந்ததுலேருந்து அப்படித்தான். கடைக்காரன் வச்ச மாதிரியே இருக்கு. நான் எதுக்கு அதைத் தொடுறேன்?"

திரும்பி வந்து டேட்டாபேஸைத் திறந்து, நான் வெட்டி எறிந்த வருடத்தை முழுசாகக் காட்டச் சொன்னேன். வரிசை வரிசையாக 2566, 2567. நடுநடுவே 2023, 2024. தேங் அண்ணனின் ஜூன் மாதச் சீட்டுகள் ஜூன் மாதத்திலேயே ஏறியிருக்கின்றன, ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு நாள் பிசகாமல்.

தப்பு முழுக்க என்னுடையது. கம்ப்யூட்டரிடம் தேதியைக் கேட்டு, அதை எழுத்தாக மாற்றி, டேட்டாபேஸுக்குப் போகும் கட்டளையில் ஒட்டியிருந்தேன். முன்னறைக் கம்ப்யூட்டர் நம் நாட்டு அமைப்பில் இருக்கிறது. அது எழுத்தாக்கும்போது நாம் தினமும் எழுதும் புத்த ஆண்டை, 2567 என்று, போடும். பின்னறைக் கம்ப்யூட்டர் ஆங்கில அமைப்பில் இருக்கிறது, அது வெளிநாட்டு ஆண்டை, 2024 என்று, போடும். டேட்டாபேஸுக்குத் தெரிந்தது வெளிநாட்டு ஆண்டு ஒன்றுதான். ஆகவே என் மாடுகளை எல்லாம் ஐந்நூற்று நாற்பத்து மூன்று வருடம் தள்ளி எதிர்காலத்தில் கட்டி வைத்துவிட்டது. நான் பட்டியல் கேட்கும்போதும் அதே எதிர்காலத்துக்குள்தான் தேடும். தேங் அண்ணன் பதிந்த மாடுகள் உண்மையான வருடத்தில் நின்றன, அங்கே யாரும் போய்த் தேடவில்லை. இன்று பிப்ரவரி 29 வந்ததோ, நான் பிழைத்தேன். டேட்டாபேஸின் 2567 லீப் வருடம் இல்லை. இல்லாத நாளை ஏற்க மாட்டேன் என்று நின்றுவிட்டது.

அந்தக் குழுவில் ஒருவன் முதல் நாளே கேட்டான். வருடத்தைக் காணோமே என்று கேட்டானே, பாவி நான்!

சாயங்காலம் பின்னறைக்குப் போனேன். தேங் அண்ணன் ஊசிக் குழாய்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பதிமூணு வருஷமா இந்த வேலை பார்க்கிறேன் மோத். போற வீட்டுல எல்லாம் அண்ணே உக்காருங்கன்னுதான் சொல்லுவாங்க. இந்த ரெண்டு வாரமா சீட்டைக் காட்டுங்கன்னு கேக்குறாங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பார்க்காத மாதிரி இருந்தார். நாளைக் காலையில் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன் என்றேன்.

1 மார்ச், வெள்ளி

பால் ஊற்றும் நேரம் பார்த்து, அன்று நின்ற அதே இடத்தில் நின்றேன். மேலாளர் இருந்தார். கூட்டம் அன்றைவிட அதிகம். லம்துவன் அத்தையும் இருந்தார்.

"தேங் அண்ணன் ஜூன்லயே பதிஞ்சிட்டாரு. நான் எழுதுன புரோகிராம்தான் அதைக் காட்டல. அவர் மேல நான் சொன்னது பொய். மன்னிச்சிடுங்க அண்ணே." கைகூப்பித் தலை குனிந்தேன்.

தேங் அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றினார். "அப்ப இந்த ஆபீஸ்லயே ஒழுங்கா வேலை செஞ்சது என் கம்ப்யூட்டர் ஒண்ணுதான்? அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. வீட்டுல காட்டணும்."

முதலில் சிரித்தது மேலாளர். திங்கள் வரை நேரம் கொடுத்தார். பலகை சாய்த்த இடத்திலேயே இருக்கிறது.

4 மார்ச், திங்கள்

முடிந்தது. முதலில் டேட்டாபேஸ் முழுசையும் தனியாக ஒரு பிரதி எடுத்தேன். நல்லவேளை. வருடத்தில் 543-ஐக் கழிக்கும் கட்டளையில் 'எந்த வரிசைகளுக்கு' என்று சொல்ல மறந்து, தேங் அண்ணனின் மாடுகளை எல்லாம் ஆயிரத்து நானூற்றுச் சொச்சத்துக்கு அனுப்பிவிட்டேன். பிரதியிலிருந்து மீட்டு, 2500-க்கு மேல் இருப்பவற்றுக்கு மட்டும் என்று சேர்த்து மறுபடி ஓட்டினேன். இனிமேல் தேதியை எழுத்தாக்கி ஒட்டுவது கிடையாது. தேதியைத் தேதியாகவே கையில் கொடுக்க வேண்டும், எழுத்து வேலையெல்லாம் திரையோடு சரி. திரையில் வருடத்தையும் போட்டுவிட்டேன். இடம் அடைத்தால் அடைக்கட்டும்.

இரண்டு கம்ப்யூட்டரிலும் பட்டியல் எடுத்து அருகருகே வைத்தோம். நான் வாசிக்க, தேங் அண்ணன் பென்சிலால் டிக் போட்டார். ஒரு மாடுகூட மாறவில்லை. ஏழு மாடுகளுக்கு வற்றவைக்கும் நாள் கடந்திருந்தது. ஏழு வீட்டுக்கும் நானே போன் செய்தேன். இரண்டு பேர் திட்டினார்கள். வாங்கிக்கொண்டேன்.

காவ்போத் கன்று போட எட்டு நாள்தான் இருக்கிறது. அங்கே திருத்துவதற்கு என்னிடம் எந்தக் கட்டளையும் இல்லை.

9 மார்ச், சனி

லம்துவன் அத்தை கொட்டகைக்குப் போனேன். அத்தை உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. காவ்போத் படுத்தே இருக்கிறாள். மடி இறங்கத் தொடங்கியிருக்கிறது. டாக்டர் கொடுத்த தாது மாவைத் தவிட்டில் கலந்து நீட்டினேன், பாதி தின்றாள். கழுத்தைத் தடவியபடி நெடுநேரம் நின்றேன். பயமாக இருக்கிறது.

12 மார்ச், செவ்வாய்

காலை ஒன்பதரைக்கு அத்தை போன். "தண்ணிக்குடம் உடைஞ்சிடுச்சு. டாக்டர் வந்துட்டாங்க. வேணும்னா நீயும் வா."

தேங் அண்ணன் வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டேன். போய்ச் சேரும்போது கன்றின் முன்னங்கால் இரண்டும் தெரிந்தன. காவ்போத்துக்கு முக்கத் தெம்பில்லை. நடுநடுவே தலையைச் சாய்த்துவிடுகிறாள். டாக்டர் காலில் கயிறு கட்ட, தேங் அண்ணனும் நானும் அவள் முக்கும்போது மட்டும் இழுத்தோம். என் வாய் பாட்டுக்கு மன்னிச்சிடு, மன்னிச்சிடு என்று சொல்லிக்கொண்டிருந்ததாம், அண்ணன் அப்புறம் சொல்லிச் சிரித்தார். பதினொன்றே காலுக்குக் கன்று வழுக்கி வந்து வைக்கோலில் விழுந்தது. பெண் கன்று. கொஞ்சம் சிறிசு. மூக்கைத் துடைத்துவிட்டதும் தும்மியது.

சீம்பால் இருந்தது. நிறைய இல்லை. போதும் என்றார் டாக்டர். காவ்போத் எழுந்து நின்று கன்றை நக்க ஆரம்பித்த பிறகுதான் அத்தை என் பக்கம் திரும்பினார்.

"உன் புது பட்டியல்ல என்ன தேதி போட்டிருந்துது?"

"பன்னெண்டு, அத்தே."

அத்தை எனக்குக் கை கழுவத் தண்ணீர் மொண்டு ஊற்றினார்.

18 மார்ச், திங்கள்

குழுவில் புதிதாக ஒரு பையன் அழாத குறையாகக் கேட்டிருக்கிறான். சில வரிசைகள் மட்டும் அறிக்கையில் வரவில்லையாம். உன் திரையில் வருடம் தெரிகிறதா என்று கேட்டேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்று சீறினான். கோபம் வரவில்லை. படிப்படியாக ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன்.

எனக்கு முதல் நாளே சொன்னவனைத் தேடி நன்றியும் சொன்னேன். அவனுக்கு எதுவும் ஞாபகமில்லை.

எதிரே உள்ள பலகையில் தேங் அண்ணன் கையெழுத்தில் மதியச் சாப்பாட்டுக் கணக்கு: ஒட்டரிசி நாலு, பப்பாளி சாலட் இரண்டு, காரம் குறைச்சு ஒன்று. மேலாளருக்குக் காரம் ஆகாது.

பத்து மணிக்கு லம்துவன் அத்தை வந்தார். இந்த வாரப் பட்டியலை வாங்கி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, சூடான பொட்டலம் ஒன்றை என் மேசையில் வைத்தார். பொரித்த வாழைப்பழம். எந்தக் காகிதத்தில் மடித்திருக்கிறது என்று என் கண் தானாகப் போய்விட்டது. பழைய செய்தித்தாள்.

"என்ன பார்க்கிற? போன வாரத்துது கொட்டாய்ல காலண்டர் மேல ஒட்டியிருக்கு. ஆறிடும், தின்னு."