என் முதுகின் ஏழாம் நாள்

6 மார்ச் 2023, திங்கட்கிழமை, காலை 9.40
குறிப்பு 1: தபாலில் வந்த இதழ்

தோல் மருத்துவ ஆய்விதழின் பிப்ரவரி இதழ், ஆறு நாள் தாமதமாக, இன்று வந்து சேர்ந்தது. பதினேழாம் பக்கத்தில் சம்பந்தியின் கட்டுரை. புண்களுக்குப் பூசும் அந்தக் கிருமிக்கொல்லிக் களிம்பு ஒவ்வாமை எதையும் உண்டாக்குவதில்லை என்று அறுதியிட்டுச் சொல்கிறது. ஆசிரியர் வரிசையில் முதல் பெயர் அவருடையது. இரண்டாவது பெயர் என்னுடையது.

நான் இதை எழுதவில்லை. அச்சேறுமுன் கண்ணால் பார்க்கவும் இல்லை. மேலும், நான் இத்தனை காலம் சொல்லிவந்தது இதற்கு நேர்மாறானது. இக்களிம்பு ஒத்துக்கொள்ளாதவருக்குப் பூசப் பூசப் புண் பெருகும். மருத்துவரோ தொற்று முற்றிவிட்டதென்று எண்ணி, இன்னும் தாராளமாகப் பூசச் சொல்வார். சலவைக்கடை அம்மாள் ஒருவர் எட்டு மாதம் அப்படித்தான் கட்டுப்போட்ட காலோடு அலைந்தார். களிம்பை நிறுத்தினேன், மூன்று வாரத்தில் ஆறியது.

சம்பந்தி என் மகனுக்கு மாமனார். அதற்கு முன்பே இருபத்தெட்டு ஆண்டுகள் அடுத்த மேசைக்காரர். தொற்று அவர் துறை, ஒவ்வாமை என் துறை. மறதியாக என் பெயரைச் சேர்த்திருப்பாரோ? மறதியில் பெயர் விட்டுப்போகும், வந்து ஒட்டிக்கொள்ளுமா?

7 மார்ச் 2023, செவ்வாய், காலை 11.15
குறிப்பு 2: மூன்றாம் படம்

கட்டுரையை நான்கு முறை படித்தேன். மேசை துடைக்க வந்த மனைவி ஒரே முறை எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, இது உங்க முதுகாச்சே!"

மூன்றாம் படம்: ஒரு முதுகின் மேற்பகுதி. கீழே, "41 வயதுத் தொழிலாளி, நான்காம் நாள், எதிர்வினை இல்லை" என்ற விளக்கம்.

"இந்த அஞ்சு மச்சத்தையும் எத்தனை வருஷமா பாக்கறேன். எனக்குத் தெரியாதா? நாப்பத்தொண்ணாம்! வயசைக் குறைச்சிருக்காரே, அதுக்காவது ஒரு நன்றி சொல்லுங்க."

மனிதனுக்குத் தன் முதுகு தெரியாது. பிறருக்குத் தெரிந்திருக்கிறது.

2009-இல் எடுத்த படம் அது. எப்பொருளையும் முதலில் என் தோலில் ஒட்டிப் பார்க்காமல் நோயாளியின் தோலில் ஒட்டுவதில்லை என்பது என் வழக்கம். சிறு கிண்ணிகளில் மருந்தை வைத்து முதுகில் ஒட்டி, இரண்டாம் நாள் பிரித்து, நான்காம் நாளும் ஏழாம் நாளும் பார்க்கவேண்டும். நான்காம் நாள் என் முதுகு சுத்தமாக இருந்தது. ஏழாம் நாள் கொப்பளித்தது. இக்களிம்பின் குணமே அது, தாமதமாகத்தான் வாயைத் திறக்கும். இரண்டு நாளும் படம் எடுத்தவர் சம்பந்திதான்.

அதே நாள், மாலை 5.30

தொலைபேசியில் அழைத்தேன். பிள்ளைகளின் திருமணத்துக்குப் பின் நாங்கள் 'நீங்க' போட்டுத்தான் பேசுவது.

"வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டீங்களா சம்பந்தி? உங்க பேரு இல்லாம நான் எப்படிப் போடுவேன்!"

"ஏழாம் நாள் எங்கே?"

"ஏழாம் நாள் எவன் வரான்? வேலைக்கு லீவு போட்டுட்டு வந்து முதுகைக் காட்டுவானா?"

"நான் காட்டினேனே."

"உங்க தோல் ஒரு தினுசு. அதை வெச்சு..."

"டேய், படத்துல இருக்கறதே என் முதுகுடா!"

பதினொரு ஆண்டுக்குப் பின் 'டேய்'. அவரும் இறங்கிவந்தார். "சரி, இருக்கட்டுமே. அந்தக் களிம்பை நம்பி நான் பத்தொன்பது கட்டுரை எழுதியிருக்கேன். அதுதான் புண்ணையே உண்டாக்குதுன்னு இப்ப சொன்னா, நான் எங்க போய் மூஞ்சிய வெச்சுக்கறது? ஒரே பேரனுக்கு நாம ரெண்டு பேரும் தாத்தா. அதையும் யோசிச்சுப் பாரு."

யோசித்துத்தான் பார்க்கிறேன். என்ன மனுஷன் இவன்? என்னைக் கேட்டிருந்தால் மாட்டேன் என்றிருப்பேன். அதனால்தானே கேட்கவில்லை?

9 மார்ச் 2023, வியாழன், பகல் 12.20
குறிப்பு 3

இரத்த அழுத்த மாத்திரை வாங்கப் போனேன். மருந்துக்கடைக்காரர் முகம் மலர வரவேற்றார்.

"சார், உங்க கட்டுரையைப் பத்திதான் டாக்டருங்க எல்லாம் பேசறாங்க! முன்னாடி அந்தக் களிம்பைக் கேட்டாலே யோசிப்பேன். இப்ப உங்க பேரே இருக்கு, கண்ணை மூடிட்டுக் கொடுக்கறேன்."

எனக்கு முன் நின்றிருந்த பெண்மணியின் பையில் அக்களிம்பின் இரண்டு குழாய்கள். கணுக்காலில் கட்டு.

மாத்திரை வாங்க மறந்து திரும்பினேன்.

12 மார்ச் 2023, ஞாயிறு, மாலை 4.00
குறிப்பு 4

இதழுக்கு எழுதப்போகிறேன் என்றதும் மகன் தலையைக் குனிந்துகொண்டான். "விட்டுடுங்கப்பா. அவங்க அப்பா மானம் போனா, தினம் அவ முகத்தை நான் எப்படிப்பா பாப்பேன்?"

நியாயமான கேள்வி. கட்டுப்போட்ட கணுக்காலை நான் எப்படிப் பார்ப்பது என்பதும் கேள்விதான். அதை அவனிடம் கேட்கவில்லை.

ஆனால் கையில் என்ன இருக்கிறது? 2009-இன் ஏழாம் நாள் படம் சம்பந்தியிடம் உள்ளது. என்னிடம் இருப்பது முதுகு மட்டும்.

13 மார்ச் 2023, திங்கள், காலை 8.05
குறிப்பு 5: மறுபரிசோதனை

இரு கிண்ணிகளில் களிம்பு, ஒப்பிடுவதற்காக இரண்டில் வெறும் வாசலின். மனைவி ஒட்டினாள்.

"எழுபத்திமூணு வயசுல இது தேவையா? முதுகு நனையக்கூடாதுன்னா ஒரு வாரம் குளியலும் கிடையாது. என் தலையெழுத்து!"

"தள்ளிப் படுத்துக்கொள்" என்றேன்.

"இத்தனை வருஷத்துல நான் தள்ளிப் படுக்கல. இப்ப என்ன?"

ஆனால் பட்டைகளை அவ்வளவு நேராக எந்தத் தாதியும் ஒட்டியதில்லை.

15 மார்ச் 2023, புதன், காலை 8.05
பிரித்தாயிற்று. நான்கு இடங்களும் சுத்தம்.

17 மார்ச் 2023, வெள்ளி, காலை 8.05
நான்காம் நாள். "ஒண்ணுமே இல்லீங்க" என்றாள். அவள் குரலிலும் ஏமாற்றம்.

ஒருவேளை என் தோல் மறந்துவிட்டதோ? வயதானால் தோலுக்கும் நினைவு மங்கும். அப்படியானால் சம்பந்தியின் படம் உண்மையாகிவிடும். நான் வீண் சண்டைக்காரக் கிழவனாகிவிடுவேன்.

19 மார்ச் 2023, ஞாயிறு, காலை 6.10
அரிக்கிறது! அரிக்கிறது!

20 மார்ச் 2023, திங்கள், காலை 10.30
குறிப்பு 6: ஏழாம் நாள்

களிம்பு வைத்த இரண்டு இடமும் சிவந்து, தடித்து, கொப்பளித்திருந்தன. வாசலின் வைத்த இடங்களில் ஒன்றுமில்லை. மனைவி எடுத்த படங்கள் எல்லாம் கலங்கல். அந்நேரம் பார்த்துப் பேரன் விட்டுச்சென்ற குடையை எடுக்க மருமகள் உள்ளே வந்தாள். நான் சட்டையைத் தேடினேன்.

"இந்தா, நீ எடும்மா" என்று மனைவி கைபேசியை நீட்டிவிட்டாள். இவளுக்கு எதையும் மறைக்கத் தெரியாது.

"ஐயோ, இது என்ன மாமா?"

"உன் அப்பா எழுதிய களிம்பு. ஏழாம் நாள்."

மேசையிலிருந்த இதழை எடுத்து என் முதுகுக்குப் பக்கத்தில் பிடித்தாள் போலும். மச்சங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணினாள்.

"அப்பாவுக்கு இது தெரியுமா?"

பொய் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. "அன்றும் படம் எடுத்தவர் அவர்தான் அம்மா."

அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. முதுகுதானே அவள் பக்கம். பிறகு சொன்னாள்:

"ஆடாம நில்லுங்க மாமா. படம் தெளிவா வரணும்."

22 மார்ச் 2023, புதன், பிற்பகல் 2.15
குறிப்பு 7: இதழாசிரியருக்கு அனுப்பியது

என் பெயரை நீக்கவும், கட்டுரையைத் திரும்பப் பெறவும் கோரி, பதிவுத்தபாலில் இன்று அனுப்பப்பட்டது. இணைப்புகள்:

1. இதழின் மூன்றாம் படம், மச்சங்கள் வட்டமிடப்பட்ட நகல்.
2. இம்மாதம் 17ஆம் நாள் படம், மனைவி எடுத்தது, சற்றே கலங்கல்.
3. இம்மாதம் 20ஆம் நாள் படம், தெளிவானது.
4. மூன்றாம் இணைப்பை எடுத்தவரின் சாட்சிக் கையொப்பம். மருமகள் தன் பெயருக்கு முன் தந்தையின் முதலெழுத்தை இட்டிருக்கிறாள். மற்ற ஆவணங்களிலெல்லாம் கணவனின் முதலெழுத்துதான். மாற்றுகிறாயா என்று நான் கேட்கவில்லை. மை காயும்வரை அவளும் தாளை விட்டுக் கையை எடுக்கவில்லை.