பின்வாசல் வைக்காத வீடு

இந்த ஊர் உங்களைப் பின்வாசல் வழியாகத்தான் வெளியே தள்ளியது, அப்பா. நிலை வைக்க, கதவு மாட்ட நீங்கள் வேண்டும். ஆனால் புது வீட்டில் பால் காய்ச்சுவதற்கு முந்தின நாள் தச்சு கழிக்கும் சடங்கு செய்வார்கள். மரத்தோடும் உளியோடும் வந்த தோஷத்தையெல்லாம் பூசணிக்காயோடு சுமந்துகொண்டு, பின்பக்கமாகத் திரும்பிப் பார்க்காமல் நீங்கள் போய்விட வேண்டும். மறுநாள் நீங்கள் செய்த கதவுக்குச் சந்தனம் வைப்பார்கள். உங்களைத் தேட மாட்டார்கள்.

இப்போது என் அறை முழுக்க வேப்பஞ்சீவல் வாசனை. உங்கள் பழைய கதவு இந்தப் புது வீட்டு நிலைக்குச் சற்றுப் பெரிதாக இருந்தது. நீங்கள் காலமான பிறகு உங்கள் இழைப்புளி சித்தப்பாவிடம்தான்; காலையில் அவர் இழைத்து மாட்டினார். சீவலைப் பெருக்க எனக்கு மனம் வரவில்லை.

சீவலப்பேரி வாடகை வீட்டில், நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது, இருந்த ஒரே அறையைப் பலகையால் தடுத்து எனக்காக இந்தக் கதவை மாட்டினீர்கள். தாழ்ப்பாளை உள்பக்கம் வைத்தீர்கள். எதிர்வீட்டு அண்ணாச்சி சும்மா இருப்பாரா?

“என்ன வே ஆசாரி, பொட்டப் பிள்ளைக்கு உள்ளார தாழ்ப்பாளா?”

“ஆமா வே. ஒம்ம வாய்க்குன்னா வெளிய போட்டுத் தாரேன்.”

பிறகு என்னிடம் சொன்னீர்கள்: “ஏட்டி, யாரு தட்டுனாலும் நீ நெனச்சாத்தான் திறக்கணும். நான் தட்டுனாலும்தான்.”

சொன்னபடியே நடந்தீர்கள். டீ கொண்டுவந்தால்கூடத் தட்டிவிட்டு வெளியே நின்றீர்கள். அந்த வருடமே என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். நீங்கள் தட்டினீர்கள், நான் திறக்கவில்லை. வந்தவர்களிடம் போய், “பிள்ள படிக்கா. நீங்க காப்பியக் குடிச்சிட்டுக் கெளம்புங்க” என்றீர்கள். சொந்தக்காரர்கள் உங்களை ஏசியது பலகைக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. என் படிப்பு, வேலை, பாளையங்கோட்டையில் இந்த வீடு எல்லாம் அந்தத் தாழ்ப்பாளில் தொடங்கியவைதான்.

அதனால்தான் இந்த வீட்டுக்குப் பின்வாசலே வைக்கவில்லை. பூச்சு வேலை முடியும்வரை அம்மாவை இந்தப் பக்கம் வரவிடவில்லை. இன்று சாயங்காலம் தச்சு கழித்து முடித்து, சித்தப்பா பூசணிக்காயோடு எழுந்தபோதுதான் அவள் கவனித்தாள்.

“பின்வாசல் எங்கட்டி?”

“வைக்கலம்மா.”

“அடிப்பாவி! மொறைன்னு ஒண்ணு இருக்குல்லா. இவுக எப்படிப் போவாக?”

சித்தப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். “சன்னல் வழியா குதிக்கவா மதினி? இடுப்பு தாங்காதே.” சிரித்துக்கொண்டே முன்வாசல் வழியாக இறங்கிப் போனார். தெரு பார்த்தது. பார்க்கட்டும்.

அம்மா இன்னும் முனகிக்கொண்டிருக்கிறாள். தோஷம் வாசலிலேயே நிற்கிறதாம். உங்கள் கை வேர்வைக்குப் பெயர் தோஷம் என்றால், அது இந்த வீட்டிலேயே இருக்கட்டும்.

நாளை பால் காய்ச்சுகிறோம். எல்லோருக்கும் முன்னால் நீங்கள் நுழைய வேண்டும். முன்வாசலைத் திறந்து வைத்திருக்கிறேன். என் அறையில் தாழ்ப்பாள் போடவில்லை. தட்டிவிட்டு நிற்காதீர்கள்.

உள்ளே வாங்க, அப்பா.