வாசலை அடைத்த செருப்புகள்

இன்று மத்தியானம் மில்லில் பஞ்சு கருகும் வாடை வந்தது. பஞ்சு பிரிக்கிற அறையில் ஏதோ பெல்ட் உரசிச் சூடேறியிருக்கிறது, பெரிதாக ஒன்றுமில்லை. ஆனாலும் அபாயச் சங்கு ஊதியது. மெஷினை நிறுத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்து, கூட வேண்டிய இடத்தில் கூடினோம். ராஜபாளையத்து வெயிலில் சிமெண்டுத் தரை அப்படிச் சுட்டது. வெறுங்காலை மாற்றி மாற்றி வைத்து நின்ற எங்களைப் பார்த்திருந்தால் நீ விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். பக்கத்து மெஷினில் நீ இல்லையே என்று இருந்தது எனக்கு.

மெஷின் ஓடும் இடத்தில் செருப்புக் காலோடு நுழைய நம் பெண்களுக்கு மனசு வராது. வெள்ளிக்கிழமைதோறும் சூடம் காட்டிக் கும்பிடுகிற மெஷின் அல்லவா! முன்பெல்லாம் சூப்பர்வைசர் எவ்வளவு சொன்னாலும் வாசலிலேயே கழற்றிப் போட்டுவிடுவோம்.

சில வருஷத்துக்கு முன் மில்லில் நிஜமாகவே நெருப்புப் பிடித்த அன்றும் செருப்புகள் அப்படித்தான் குவிந்து கிடந்தன. ஆண்டாள் தேர் முடிந்த சமயம். பாதிப் பேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் தேர்க்கடையில் வாங்கிய புதுச்செருப்பு. சங்கு ஊதியதும் முன்னால் ஓடியவர்கள் வாசலில் குனிந்து அவரவர் ஜோடியைத் தேடத் தொடங்கினார்கள். நான் கடைசி ஆள். எனக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுகள்தான். பின்னாலிருந்து வந்த புகை தொண்டையை அடைத்தது. மகள் முகம் கண்ணுக்குள் வந்தது. செத்தேன் என்றே நினைத்தேன்.

அப்போதுதான் உன் குரல் கேட்டது.

"ஏட்டி, செருப்பா முக்கியம்? பின்னாடி ஆளுக நிக்காக! போங்கடி வெளிய!"

கையாலும் காலாலும் அத்தனையையும் வாரி வெளியே எறிந்தாய். வழி கிடைத்ததும் எல்லோரும் ஓட, நீ மட்டும் உள்ளே வந்து என் முழங்கையைப் பிடித்து இழுத்தாய்.

ஒருத்திக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தீயணைப்பு வண்டி அடித்த தண்ணீரில் செருப்பெல்லாம் சாக்கடைக்குப் போய்விட்டன. "புதுச்செருப்ப இப்படிப் பண்ணிட்டியேட்டி!" என்று ஒருத்தி சண்டைக்கே வந்தாள்.

"உசுரோட நின்னு சண்ட போடுதல்லா? நல்லாப் போடு," என்றாய்.

மறுநாளிலிருந்து செருப்பு விடும் இடம் சைக்கிள் நிறுத்தும் சுவரோரம் என்றாயிற்று. மறந்துபோய் யாராவது வாசலில் விட்டால், அந்த ஜோடி சாயங்காலம் உன் கைவரிசையில் வேப்பமரக் கிளையில் தொங்கும்! எனக்கு அந்தப் பழக்கம் வீடு வரைக்கும் வந்துவிட்டது. "இது வீடா, மில்லா?" என்று என் வீட்டுக்காரர் இன்னும் கேலி செய்கிறார்.

போன மாதம் சேத்தூரில் உன் வீட்டுக்கு வந்தோம். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்காமலே ஏமாற்றிவிட்டாயே என்று உன்மேல் கோபம்கூட வந்தது. தெருவெல்லாம் கூட்டம். அழுதுகொண்டே படியேறப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். மில்லிலிருந்து வந்த அத்தனை பெண்களும் செருப்பை வாசலில் விடாமல், தள்ளிப் போய்ச் சுவரோரமாகக் கழற்றியிருந்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. நானும் திரும்பிப் போய் என் ஜோடியை அங்கேயே விட்டேன்.

சாயங்காலம் உன்னைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது, யார் காலும் எதிலும் இடறவில்லை.