மூக்குத்தி போட்ட ஆஷா

கரமனை,
பங்குனி, ஞாயிற்றுக்கிழமை

சௌபாக்கியவதி ஜானவிக்கு அம்மாவின் அநேக ஆசீர்வாதம்.

இங்கே அப்பாவின் இடுப்பைத் தவிர மற்றதெல்லாம் க்ஷேமம். நீயும் மாப்பிள்ளை சாயும் கல்கரியில் சௌக்கியமாக இருக்கிறீர்கள் என்பதை வியாழக்கிழமை ராத்திரி நீ போனில் போட்ட சத்தத்திலேயே தெரிந்துகொண்டேன், உடம்பில் தெம்பு இல்லாதவர்களால் அப்படிக் கத்த முடியாது. வாட்ஸ்அப் இருக்கும்போது அம்மா ஏன் தபாலில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் எப்போதும் நீதான் ஜெயிக்கிறாய். நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ பத்து சொல்லிவிடுகிறாய், நானும் "சரி சரி" என்று வைத்துவிடுகிறேன். அன்றைக்குச் சொன்ன "சரி"யை நீ சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பாய், அது தப்பு. வேட்புமனுவை வாபஸ் வாங்க நாளை மத்தியானம் மூன்று மணி வரைதான் நேரம். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அந்த நேரம் எப்போதோ போயிருக்கும், தெரிந்துதான் தபாலில் போடுகிறேன். நான் வாபஸ் வாங்கப் போவதில்லை ஜானு.

நடந்ததை உனக்கு யார் யாரோ துண்டு துண்டாகச் சொல்லியிருக்கிறார்கள், நான் முதலிலிருந்து சொல்கிறேன். போன ஐப்பசி மழையில் தெருக்கோடி ஓடை பொங்கி நம் ரேழி வரைக்கும் சாக்கடைத் தண்ணீர் வந்ததும், அதில் வழுக்கி விழுந்துதான் அப்பாவுக்கு இடுப்பு முறிந்ததும் உனக்குத் தெரியும். அதற்கப்புறம் நான் அலைந்த அலைச்சல் தெரியாது. எம்.எல்.ஏ. ஆபீசுக்குப் போனேன், அங்கே இருக்கிற ஷீஜா தங்கமான பெண், ஃபேனுக்குக் கீழே உட்காரவைத்து மனுவை வாங்கிக்கொண்டாள், ஆனால் ஓடை தங்கள் காரியமில்லை என்று வேறொரு ஆபீசைக் காட்டினாள். அந்த ஆபீசில் இன்னொரு ஆபீசைக் காட்டினார்கள். எல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் ஷீஜாவின் ஃபேனுக்குக் கீழேயே வந்து உட்கார்ந்தேன். அடுத்த மழைக்கு அதே தண்ணீர் வரும், அப்பா வாக்கரை வைத்துக்கொண்டு எங்கே போய் நிற்பார், இந்தக் கவலைதான் எனக்கு எழுந்தாலும் படுத்தாலும்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் ஹரிகுமார் வந்தான். தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறானே, தேர்தல் வந்தால் கட்சி வேலைக்குப் போய்விடுவானே, அவன்தான். வாசலில் நின்று "ஆஷா மேடம் உண்டோ?" என்று கேட்டான். யாரைக் கேட்கிறான் என்று எனக்கே புரியாமல் உள்ளே திரும்பிப் பார்த்தேன் போ. சர்ட்டிபிகேட்டிலும் வோட்டர் பட்டியலிலும் நான் ஆஷா, ஆனால் வீட்டில் கூப்பிடுகிற பெயர் வாலாம்பாள், கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த நாளிலிருந்து நான் வாலா, வாலா மன்னி, வாலா மாமி. இந்த ஹரிகுமாரே சின்ன வயதில் பந்து உள்ளே விழுந்தால் வாலா மாமி என்றுதான் கத்துவான். இப்போது பட்டியலைப் பார்த்துவிட்டு மேடம் என்கிறான். "மேடம் ஸ்வதந்த்ரயா நிக்கணும், அப்பத்தான் ஓடைக் காரியம் மண்டலம் முழுக்க சர்ச்சையாகும்" என்றான், தேர்தலில் நான் சுயேச்சையாக நிற்க வேண்டுமாம். பேப்பரெல்லாம் தயாராகக் கையிலேயே வைத்திருந்தான். யாரோ நம்மை நம் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நம் காரியத்தையும் கேட்கிறானே என்று எனக்கு மனசு குளிர்ந்துபோய்விட்டது. கையெழுத்துப் போட்டேன். அப்பா பிசியோதெரபிக்குப் போயிருந்தார், இருந்திருந்தால் தடுத்திருப்பார், அதனால்தான் அந்த நேரம் பார்த்து வந்திருக்கிறான் திருடன்.

அப்புறம் வோட்டு மெஷினில் பெயருக்குப் பக்கத்தில் வருகிற போட்டோவுக்காக ஸ்டூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். பட்டு வேண்டாம், வெளிர் காட்டன் புடவை கட்டிக்கொள்ளுங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள் என்றான், வேட்பாளர் என்றால் லட்சணமாக இருக்க வேண்டாமா என்று நானும் செய்தேன். மூக்குத்தியைக் கழற்றச் சொன்னபோது மட்டும் முடியாது என்றேன். மூளி மூக்கோடு போட்டோவுக்கு உட்காருகிற வழக்கம் நம் வீட்டில் இல்லை என்றேன். அவன் முகம் ஏன் அப்படிச் சுருங்கியது என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

மனுப் பரிசோதனை அன்றைக்குப் புரிந்தது. கலெக்டரேட் ஹாலில் கூட்டமான கூட்டம். அதிகாரி "ஆஷா" என்று கூப்பிட்டார், மூன்று பேர் எழுந்து நின்றோம். எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தி பெரிய அணி நிறுத்தியிருக்கிற ஆஷா, தெருவெல்லாம் போஸ்டரில் பார்க்கிறோமே, வெளிர் காட்டன் புடவை, கண்ணாடி, மூக்குத்தி கிடையாது. மற்றவள் முகம் தெரியாதவள், அவளும் வெளிர் காட்டன். பெரிய ஆஷா என் பக்கம் திரும்பி மெதுவாக "சேச்சியும் அபரயாணோ?" என்று கேட்டாள். கோபமாகக் கூட இல்லை, பழகிப்போனவள் மாதிரி கேட்டாள். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் அந்த வார்த்தையைச் சொன்னேன். "அசடே, அபரன்னா தெரியாதா? அதே பேர் இருக்கறவாளைத் தேடிப் பிடிச்சு நிறுத்தி, எதிராளி வோட்டைப் பிரிக்கற வித்தை. உன்னை யாருடி கேட்டா, உன் பேரைன்னா கேட்டா" என்றார். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை ஜானு. அழுதேன் என்று உனக்குச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

மறுநாள் ஹரிகுமாரின் கடைக்குப் போய் நான்கு பேர் கேட்கவே நறுக்கென்று கேட்டேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு "மாமி ஒண்ணும் செய்யண்டா, வீட்டில சும்மா இருந்தா மதி" என்றான், அதுவே போதுமாம். மேடம் போய் மாமி வந்துவிட்டதைக் கவனித்தாயா? ஓடை என்னாயிற்று என்று கேட்டதற்கு அதெல்லாம் பிறகு பார்க்கலாம் என்றான். சாயங்காலம் பெரிய ஆஷாவின் ஆட்கள் வந்தார்கள், மரியாதையாகத்தான் பேசினார்கள், வாபஸ் வாங்கினால் பெரிய உபகாரம் என்றார்கள். ஓடையைப் பற்றி அவர்களையும் கேட்டேன், அவர்களும் பிறகுதான். மூன்றாவது ஆஷா அன்றைக்கே வாபஸ் வாங்கிவிட்டாள். அப்புறம் நீ கூப்பிட்டாய். சாயின் ஆபீஸ் மலையாளிகள் கூட மீம் அனுப்பிச் சிரிக்கிறார்கள், மானம் போகிறது, வாபஸ் வாங்கிவிட்டு இரண்டு பேரும் கிளம்பி இங்கே வந்துவிடுங்கள் என்றாய். உன் பாசம் எனக்குத் தெரியும். ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே, நீயும் ஓடையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நீ போனை வைத்த பிறகு யோசித்தேன். ஹரிகுமார் சொல்வது போல வீட்டில் சும்மா இருந்தால் நான் அபரன். நீ சொல்வது போல வாபஸ் வாங்கினாலும், பிடிபட்டு ஓடிப்போன அபரன். நிஜமாகவே நின்றால்தான் நான் நானாக இருப்பேன். அதனால் அதிகாரிக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன், வோட்டு மெஷினில் என் பெயரோடு வாலாம்பாளையும் கரமனையையும் சேர்த்துப் போடுங்கள், யாரும் ஆள் மாறி அமுக்கிவிடக்கூடாது என்று. ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் அப்படி அடையாளம் சேர்க்கச் சட்டத்தில் இடம் இருக்கிறதாம், அப்பாதான் தேடிச் சொன்னார். இதைக் கேள்விப்பட்ட ஹரிகுமார் இப்போது என்னைக் கண்டால் தெருவை மாற்றிக்கொண்டு போகிறான்.

சும்மா இருக்கவில்லை, வீடு வீடாகவும் போகிறேன். மீன மாத வெயில் மண்டையைப் பிளக்கிறது, குடையும் மோரும் எடுத்துக்கொண்டு சாயங்காலம்தான் போகிறேன், நீ பயப்படாதே. அப்பா தன் மணிமணியான மலையாளக் கையெழுத்தில் நோட்டீஸ் எழுதித் தருகிறார். அதில் இருப்பது இவ்வளவுதான்: நான் போஸ்டரில் இருக்கிற ஆஷா அல்ல. அவருக்கு வோட்டுப் போட நினைப்பவர்கள் அவருடைய சின்னத்தைப் பார்த்து அவருக்கே போடுங்கள். மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறவர்கள் மட்டும் என் மூக்குத்தியைப் பார்த்துப் போடுங்கள். ஆற்றோரக் காலனியில் ஒரு பெண் அதைப் படித்துவிட்டு, நல்லவேளை சொன்னீர்கள், நான் அந்த ஆஷாவுக்குத்தான் போடப்போகிறேன் என்றாள். தாராளமாகப் போடு அம்மா என்றேன். ஆனால் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்ச் சுவரைக் காட்டினாள். என் நெஞ்சு உயரத்துக்குத் தண்ணீர்க் கறை. நம் தெரு மட்டும்தான் நனைகிறது என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேனே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஜெயிக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியாதா? எத்தனை வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது என்பதை வோட்டு எண்ணுகிற அன்றைக்காவது அவர்கள் எண்ணித்தானே ஆக வேண்டும். யார் எம்.எல்.ஏ. ஆனாலும் மறுநாள் காலை ஷீஜாவின் ஃபேனுக்குக் கீழே நான் போய் உட்காருவேன், இந்தத் தடவை காலனிக்காரர்களும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

நேற்று சாயங்காலம் அப்பா நோட்டீஸ் எழுதிக்கொண்டே, "ஆஷா, இந்த வரி சரியா இருக்கான்னு படிச்சுப் பாரு" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் அந்தப் பெயர் வந்ததில்லை. அவருக்கே தெரியாமல் வந்துவிட்டது போலிருக்கிறது, தலையைக் கூட நிமிர்த்தவில்லை. நான் படித்துப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது.

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் சாப்பிடு, காப்பி குடித்துவிட்டுச் சாப்பிடாதே. குளிரைச் சாக்கு வைத்துக்கொண்டு தலைக்கு எண்ணெய் வைக்காமல் இருக்காதே. சாயின் அம்மாவிடம் இந்த விஷயத்தை நீயே பக்குவமாகச் சொல்லிவிடு, அவர் வேறு யார் வாயிலாகவும் கேட்க வேண்டாம். மீம் வந்தால் எனக்கும் அனுப்பு, மூக்குத்தி சரியாகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். நீங்கள் இருவரும் மனசு ஒத்துத் தீர்க்காயுசாக, ஒரு குறையும் இல்லாமல் இருக்க பகவதியை வேண்டிக்கொள்கிறேன். இத்தனை நாள் உனக்கு எழுதியதிலெல்லாம் அம்மா என்று மட்டும்தான் போட்டிருக்கிறேன், இன்றைக்கு மெஷினில் வரப்போகிறபடியே முழுதாகப் போடுகிறேன்.

இப்படிக்கு உன் அம்மா,
ஆஷா (வாலாம்பாள்), கரமனை