தட்டின் அடியில் நாலு எழுத்து

ஞாயிறு, 8.9.1957

"அதை வெள்ளி என்று சொன்னது நான்தான்." இந்த ஒரு வாக்கியத்தை இன்று நான் சொல்லவில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரையோடு சீமைக்குத் திரும்பிய தொரசானி, பங்களா சமையல்காரர் மருதைக்கு ஒரு தட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். போன மாதம் மருதை அதை நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார். அடியில் நாலு ஆங்கில எழுத்துகள் குத்தியிருந்தன. வெள்ளிச் சாமான் செய்தவர் அதில் தன் பெயரெழுத்தைக் குத்துவார் என்று எங்கோ படித்த ஞாபகத்தில், "அசல் வெள்ளிதான்" என்றேன். தெரியாது என்று சொல்ல எனக்குக் கூச்சம்.

இன்று அவர் மகளுக்குப் பரிசம். அந்தத் தட்டில்தான் வெற்றிலைபாக்கு வைத்துக் கொடுத்தார். மாப்பிள்ளையின் மாமா தலவாக்கலையில் நகை வேலை செய்கிறவர். தட்டைத் தூக்கி அடியைப் பார்த்தார்.

"வெள்ளித் தட்டுன்னு லயத்துல வீடு வீடா சொன்னீங்களே, சம்பந்தி? இது முலாமுங்க. இந்த நாலு எழுத்துக்கு அதாங்க அர்த்தம். சீமை வெள்ளின்னா சிங்கம் குத்தியிருக்கும்."

"சிங்கம் காட்டுக்குள்ள ஓடிருச்சு போல," என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப பொண்ணப் பத்திச் சொன்னதாச்சும் நெசமா?"

மருதை என்னை ஒருமுறை பார்த்தார். நான் குனிந்து சேலை மடிப்பைச் சரிசெய்தேன்.

"எனக்குத்தாங்க வெவரம் பத்தல. மன்னிச்சிருங்க," என்று அந்த அம்மாவை அவர் கும்பிட்டார்.

வெற்றிலையைப் பித்தளைத் தட்டுக்கு மாற்றிப் பரிசத்தை முடித்தார்கள். மழை பிடித்துக்கொண்டதால் மருதையே குடையோடு வந்து என்னை வீடுவரை விட்டுவிட்டுப் போனார். தட்டைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.